காளான் தேடப் போகிறீர்களா? நாட்காட்டியை மூடிவிட்டு மழையைப் பாருங்கள்

என் பாட்டி நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். காளான் விஷயத்தில் அவருக்கு இரண்டே கணக்குதான். சித்திரை பிறந்து முதல் இடி இடித்த வாரம் ஒன்று, தீபாவளிக்கு முந்தின பத்துப் பதினைந்து நாள் இன்னொன்று. அந்த நாட்களில் விடிவதற்கு முன்னால் வாளியும் உளியுமாகக் கிளம்பும்போதே இடுப்பில் ஒரு பழைய துணியைச் செருகிக்கொண்டு போவார், திரும்பி வரும்போது அதில் புத்துக்காளான் இருக்கும். எப்போதும் இருந்தது என்று சொன்னால் பொய். பெரும்பாலும் இருக்கும்.

அந்தக் கணக்கை அப்படியே நம்பி நான் மூன்று வருஷம் அலைந்தேன். ஒரு வருஷம் சித்திரையில் மண் சட்டி ஓடு மாதிரிக் காய்ந்து கிடந்தது. அடுத்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் மழை வந்தது, ஆனால் வந்த விதம் சரியில்லை, ஒரே ராத்திரியில் கொட்டி முற்றத்தைக் கழுவிவிட்டுப் போய்விட்டது. மூன்றாவது வருஷம் காளான் வந்தேவிட்டது. பாட்டி சொன்ன நாளுக்கு ஆறு வாரம் பிந்தி, பாட்டி காட்டிய மேட்டில் இல்லாமல் ஒரு கூப்பிடு தூரம் தள்ளி ஓடைப் பக்கம். அதுவும் என் கண்ணில் படவில்லை, ஆடு மேய்க்கும் அண்ணன் ஒருவர் பை நிறையப் பறித்துக்கொண்டு போவதைத்தான் பார்த்தேன்.

ஆகவே பினாங்கிலும் அக்கம்பக்கத்திலும் காட்டுக்காளான் தேட விரும்புகிறவர்களுக்கு, பழைய இடமும் பழைய நாளும் கைவிடும்போது எப்படித் தேடுவது என்று நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். சமையல் குறிப்பு கடைசியில் ஒரு வரிதான். அதற்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரிக் கதையும் இருக்கிறது, அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

காளான் ஏன் இடம் மாறுகிறது

"நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான்" என்று ஆளைத் திட்டுவோம் இல்லையா, காளானுக்கு அது அநியாயம். நாம் பறிப்பது வெறும் பழம். மரம் என்று எதைச் சொல்ல வேண்டுமோ அது மண்ணுக்குள்ளும் கட்டைக்குள்ளும் வெள்ளை நூல் நூலாகப் படர்ந்து மாதக்கணக்கில், சில வகைகளில் வருஷக்கணக்கில் இருந்துகொண்டே இருக்கிறது. போதிய ஈரம், ஒத்துவரும் சூடு, தின்ன உணவு மூன்றும் ஒரே நேரத்தில் அமைந்தால்தான் அது குடையை மேலே தள்ளும். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், அதனால் ஈரத்தில் கை வைத்தால் எல்லாம் போச்சு.

பாட்டியின் கணக்கு பலித்ததற்குக் காரணம் இருக்கிறது. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் வருஷத்துக்கு இரண்டு முறை மழை உச்சத்துக்குப் போகும், இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே ஒன்று, அக்டோபர், நவம்பர் இன்னொன்று. மாலையில் இடி, ராத்திரி முழுக்கத் தூறல். ஜனவரி, பிப்ரவரி வறண்ட காலம், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் தார் ரோட்டுச் சூட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்து கிடந்த மண்ணில் முதல் மழை ஊறினால் காளான், அவ்வளவுதான் சூத்திரம்.

இப்போது அந்த முதல் மழை எப்போது, எப்படி வரும் என்பதுதான் பிடிபடவில்லை. 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் உலகச் சராசரி வெப்பம் 1850-1900 காலத்தைவிட 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது. ஒவ்வொரு டிகிரிக்கும் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும், தாங்கியதை ஒரேயடியாகக் கொட்டவும் செய்யும். 2017 நவம்பர் 4, 5 ராத்திரி கொட்டிய மழையையும் வந்த வெள்ளத்தையும் பினாங்கில் இருந்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். அப்படிக் கொட்டுகிற மழை சரிவில் நிற்காது, இலைச்சருகையும் மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு சாக்கடைக்குப் போய்விடும். இன்னொரு பக்கம் 2015-16, 2023-24 மாதிரி எல் நினோ வருஷங்களில் மழை தள்ளிப்போய், ஆயிர் ஈத்தாம் அணையில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று நாம் எல்லோரும் செய்தி பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். அணை இறங்குகிற வருஷம் காளானும் பிந்தும், இதை நான் ஒரு அடையாளமாகவே வைத்திருக்கிறேன்.

வெளிநாட்டுக் கணக்கு ஒன்றைக் கேளுங்கள். தென் இங்கிலாந்தில் ஒரு குடும்பம் 1950களிலிருந்து காளான் முளைத்த நாட்களை எழுதி வைத்திருந்தது. 2007ல் அதை வைத்து வெளிவந்த ஆய்வில், இலையுதிர்காலக் காளான்கள் முளைக்கும் காலம் சராசரி 33 நாளிலிருந்து ஏறக்குறைய 75 நாளாக நீண்டிருந்தது. ஆல்ப்ஸ் மலையிலோ காளான்கள் வருஷாவருஷம் மேலே மேலே ஏறுகின்றன. நமக்கு அந்த மாதிரிக் குளிர்காலம் இல்லை, ஆகவே நீண்டது, குறுகியது என்ற அவர்கள் கணக்கை இங்கே கொண்டுவந்து ஒட்டாதீர்கள், இங்கே ஆட்டிவைப்பது ஈரம். ஆனால் மலையேறும் கதை நமக்கும் பொருந்தும். நூறு மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும், ஒரு டிகிரி சூடு கூடினால் அதே குளிர்ச்சிக்கு நூற்றைம்பது மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். பினாங்கு மலைத்தொடரின் உச்சியே 833 மீட்டர்தான். அதற்கு மேல் ஏற இடம் ஏது?

முதலில் ஒரு பால்டின்

மழைமானிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பக்கம் நேராக இருக்கும் காலி டின் ஒன்றை, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் மண்ணில் பாதி புதைத்து வையுங்கள், காலையில் அடிக்கோலை உள்ளே விட்டு அளந்தால் ஒரு சென்டிமீட்டர் என்பது பத்து மில்லிமீட்டர் மழை. அளந்ததும் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிட்டு டெங்கிக்காரர்கள் வந்து அபராதச் சீட்டு எழுதிவிடுவார்கள்.

பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். தேதி, டின்னில் எவ்வளவு, மழை எத்தனை மணி நேரம் பெய்தது. இந்த மூன்றாவதுதான் முக்கியம். என் நோட்டில் திரும்பத் திரும்ப வருவது இதுதான்: ஒரே மணி நேரத்தில் கொட்டிய ஆறு சென்டிமீட்டருக்கு ஒன்றும் முளைக்கவில்லை, நாலு ராத்திரி தொடர்ந்து தூறிய நாலு சென்டிமீட்டருக்கு ஐந்தாம் நாள் முளைத்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு குச்சியை மண்ணில் விரல் நீளத்துக்குக் குத்தி எடுத்துப் பாருங்கள். நுனியில் ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தால் போகலாம், தூசியோடு வந்தால் வீட்டிலேயே பசியாறிவிட்டுத் தூங்கலாம்.

இடி இடித்தால் காளான் பூக்கும் என்பதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழகத்தில் காளான் வளர்க்கும் கட்டைகளுக்கு உயர் மின்னழுத்த அதிர்ச்சி கொடுத்தபோது விளைச்சல் கூடியிருக்கிறது. ஆனால் மழை இல்லாத வெறும் இடிக்கு வாளி தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், நான் ஓடியிருக்கிறேன்.

எந்தக் காளானுக்கு எங்கே போவது

இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். எல்லாக் காளானும் பருவநிலை மாற்றத்தால் ஒரே மாதிரி அடி வாங்குவதில்லை. அது எதைத் தின்று வாழ்கிறது என்று தெரிந்தால் எங்கே நகர்ந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

புத்துக்காளானை எடுத்துக்கொள்வோம், மலாய்க்காரர்கள் சென்டாவான் பூசுட் என்பார்கள். இது கறையான் வளர்க்கும் பயிர். நிஜமாகவே பயிர்தான்: கறையான் சருகையும் கட்டையையும் தின்று, புற்றுக்குள் தேன்கூடு மாதிரி ஒன்றைக் கட்டி, அதில் இந்தப் பூஞ்சையை வளர்த்து அதையே தின்கிறது. புற்றுக்குள் சூடு 30 டிகிரியை ஒட்டிப் பெரிதாக மாறாமல் இருக்கும், ஈரமும் குறையாது, அதனால் வெளியே வெயில் அடித்தாலும் பயிர் பிழைத்துக் கிடக்கும். பிரச்சினை மேலே வருவதில்தான். நீளமான வேர் போன்ற தண்டு கீழே கூட்டிலிருந்து மண்ணைத் துளைத்து வர வேண்டும், மேல்மண் இறுகிப்போனால் அந்தப் பருவம் அவ்வளவுதான். ஆகவே வறண்ட வருஷத்தில் வெட்டவெளி மேட்டுப் புற்றுகளை விட்டுவிட்டு நிழலில், ஓடை ஓரத்தில், சருகு மூடிக் கிடக்கும் புற்றுகளைப் பாருங்கள். அந்த ஆடு மேய்க்கும் அண்ணன் சொல்லிக்கொடுத்தது இன்னொன்று: மழை விட்ட மாலையில் ஈசல் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்து வை, அங்கே உயிருள்ள புற்று இருக்கிறது. மண்ணுக்கு மேலே மேடு தெரியாத புற்றுகளை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். புற்றை வெட்டாதீர்கள், தண்டை மெதுவாகத் திருகி எடுத்தால் போதும், அடுத்த பருவமும் அதே இடத்தில் வர வாய்ப்புண்டு. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: புத்துக்காளானை நம் பக்கத்தில் காணாமல் போக வைத்ததில் வெயிலைவிட புல்டோசருக்கும் பூச்சிமருந்துக்கும் பங்கு அதிகம். பாட்டியின் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள், அப்புறம் செம்பனையையும் வெட்டி வீடு கட்டினார்கள். இதில் பருவநிலையை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

கட்டையில் முளைக்கும் சின்னச் சாம்பல் விசிறி மாதிரி ஒன்று இருக்கிறதே, அடியில் சீப்புப் பல்லாகப் பிளந்திருக்கும், சென்டாவான் குக்கோர் அல்லது குலாட் சிசிர், அதன் கதை நேர் எதிர். விழுந்து கிடக்கும் பால்மரக் கட்டையில், அதுவும் வெயில் படுகிற இடத்தில் வரும். மழை நின்றால் சுருண்டு காய்ந்துபோகும், மறுபடி நனைந்தால் உயிர்த்து எழும். விட்டுவிட்டுப் பெய்யும் மழை இதை ஒன்றும் செய்வதில்லை. புதிதாகத் தேட ஆரம்பிக்கிறவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள், அடியில் அந்தப் பிளவுப் பல் இருக்கிற அடையாளம் வேறு எதோடும் எளிதில் குழம்பாது. குரங்குக்காது என்கிற தெலிங்கா கெராவும் இதே மாதிரிதான், காய்ந்து நனைந்து பிழைக்கும், ஆனால் அதற்கு நிழல் வேண்டும்.

செம்பனை ஆலைக்கு வெளியே குவித்த வெறும் குலையில் வரும் சென்டாவான் சாவிட் நம் வைக்கோல் காளானேதான். 30, 35 டிகிரி அதற்குச் சுகமான சூடு, வெயில் கூடுவதைப் பற்றி அது கவலைப்படாது. தோட்டத்தில் களைக்கொல்லி அடித்த வாரமா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கஷ்டப்படப் போவது மெராந்தி, கெருயிங் மாதிரிப் பெருமரங்களின் வேரோடு கூட்டு வைத்து வாழும் காட்டுக்காளான்கள். மரம் சர்க்கரை கொடுக்கும், காளான் மண்ணிலிருந்து தண்ணீரும் சத்தும் கொடுக்கும். வறட்சியில் மரம் தள்ளாடினால் காளானும் தள்ளாடும், மரத்தை விட்டுவிட்டுத் தனியாக நகரவும் முடியாது. அடர்ந்த காட்டின் கூரைக்குக் கீழே உச்சிவெயில் வெளியைவிடச் சராசரி 4 டிகிரி குறைவு என்று உலக அளவில் அளந்திருக்கிறார்கள். காட்டோரத்தில் ரோடு போட்டாலோ டுரியானுக்காக மரம் வெட்டினாலோ அந்தக் கூரை கிழிந்து காற்று உள்ளே புகுந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். செரோக் தோக்குன், புக்கிட் பன்சோர் பக்கம் நடந்தால் ஓரத்திலிருந்து உள்ளே போகப்போகக் காற்று மாறுவது தோலிலேயே தெரியும். அங்கே இவற்றைப் படம் எடுங்கள், பறிக்காதீர்கள். நிரந்தர வனக்காப்பில் உரிமம் இல்லாமல் எதையும் எடுப்பது 1984 தேசிய வனச் சட்டப்படி குற்றம், தேசியப் பூங்காவிலும் தாவரவியல் தோட்டத்திலும் கேட்கவே வேண்டாம். பறிப்பதென்றால் சொந்த நிலம், தெரிந்தவர் தோட்டம், அதுவும் சொல்லிவிட்டு. உள்ளே போகும்போது காலுறையை கால்சட்டைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள், அட்டை இருக்கும்.

இடம் தெரியும் என்பதால் காளான் தெரியும் என்று ஆகாது

இனி ஆஸ்பத்திரிக் கதை. உறவுக்காரர் தோட்டத்தில் ஒரு புற்றுக்குப் பக்கத்தில் மூன்று பருவமாகப் பறித்திருக்கிறேன். நாலாவது முறை, மழை பிந்திய வருஷம், அதே இடத்தில் புல்லுக்குள் வெள்ளைக் குடைகள், நடுவில் பழுப்புச் செதில். இடம் அதே, மழைக்கு அப்புறம் ஐந்தாம் நாள், வேறென்ன வேண்டும்? வீட்டுக்காரர்கூடக் கேட்டார், "அதுதானா, நல்லாப் பார்த்தியா?" "எனக்குத் தெரியாதா?" என்றேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் வாந்தி, பேதி, இருவருக்கும், நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றி ஒரு ராத்திரி வைத்திருந்தார்கள்.

நான் பறித்தது குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ் என்கிற பச்சை வித்துக் காளான். புல்தரையில், வெயிலில், மழைக்குப் பின்னால் வளையம் வளையமாக முளைக்கும், நம் ஊர்ப் பூங்காக்களிலும் திடல்களிலும் பார்த்திருப்பீர்கள். அந்தத் தோட்டத்தில் மரங்களை வெட்டிப் புல் விட்டிருந்தார்கள். நிழல் போய் வெயில் வந்தது, பழைய காளான் வரவில்லை, வெயில் விரும்பும் இது வந்து உட்கார்ந்துகொண்டது. பாட்டி காலத்தில் இடமும் நாளும் சேர்ந்தால் அதுவே பாதி அடையாளம். இடமும் நாளும் நழுவுகிற காலத்தில் காளானை மட்டும்தான் பார்க்க வேண்டும், அது நிற்கும் இடத்தையல்ல.

பார்ப்பது எப்படி? புத்துக்காளானைத் தோண்டினால் தண்டு வேர் மாதிரி கீழே போய்க்கொண்டே இருக்கும், குடையின் நடுவில் முலைக்காம்பு போல ஒரு கூர்மை இருக்கும். பச்சை வித்துக்காரனுக்கு அந்த வேர் கிடையாது, தண்டில் மேலும் கீழும் நகரும் வளையம் இருக்கும். ஆனால் இளசாக இருக்கும்போது அதன் அடிமடிப்பும், அதாவது குடைக்கு அடியில் இதழ் இதழாக இருப்பதும், வெள்ளைதான், அங்கேதான் நான் ஏமாந்தேன். அதனால் ஒரு ராத்திரி பொறுங்கள். நன்றாக விரிந்த குடை ஒன்றின் தண்டை வெட்டிவிட்டு, பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளில் மடிப்பு கீழே பார்க்கும்படி கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தை மூடி வையுங்கள். காலையில் வித்துத்தூள் படிந்திருக்கும். வெளிறிய இளஞ்சிவப்பு என்றால் புத்துக்காளானுக்கு ஒத்துவருகிறது. சாம்பல் பச்சை என்றால் குப்பைத்தொட்டி. தண்டின் அடியில் முட்டை ஓடு மாதிரிப் பை இருந்து, வித்துத்தூளும் வெள்ளையாக இருந்தால் தொட்டதற்குக் கையைக் கழுவுங்கள், அமானிட்டாவாக இருக்கலாம். அந்த இனத்தில் கல்லீரலை அழித்து ஆளைக் கொல்லும் வகைகள் உண்டு, அந்த விஷம் வேகவைத்தாலும் போகாது, ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாமல் இருந்துவிட்டு அப்புறம்தான் காட்டும். வைக்கோல் காளானுக்கும் அடியில் பை இருக்கும், ஆனால் அதன் தூள் இளஞ்சிவப்பு. மொட்டாக இருக்கும்போது இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது, ஆகவே காட்டில் மொட்டைப் பறிக்காதீர்கள்.

வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், பூண்டு நிறம் மாறினால் விஷம், பூச்சி கடித்திருந்தால் நல்லது, மஞ்சள் போட்டு வேகவைத்தால் சரியாகிவிடும், இவை எல்லாம் பொய். எங்கள் குழம்பில் பூண்டும் இருந்தது, மஞ்சளும் இருந்தது.

இவ்வளவும் தாண்டி நல்ல காளான் என்று உறுதியானால் சின்ன வெங்காயம், மிளகு போட்டு வதக்குங்கள். குலாட் சிசிர் என்றால் தேங்காய்ப்பாலும் ஊசி மிளகாயும் மஞ்சள் இலையும், அதில் மலாய்க்காரர்களை மிஞ்ச முடியாது. எதுவானாலும் முதல் தடவை ஒரு கரண்டி மட்டும், பிள்ளைகளுக்குக் கொடுக்காமல், மறுநாள் வரை பொறுத்திருந்து.

சமைப்பதற்கு முன்னால் ஒரு முழுக் காளானை, தண்டும் அடியும் சேர்த்து, பிளாஸ்டிக்கில் போடாமல் காகிதத்தில் சுற்றி ஐஸ்பெட்டியில் வையுங்கள், எங்கே எப்போது பறித்தது என்று அந்தக் காகிதத்திலேயே எழுதுங்கள். அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "மிச்சம் இருக்கிறதா?" மிச்சம் இருந்திருந்தால் அதைப் படம் எடுத்து மிண்டெனில், அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில், 1994லிருந்து இயங்கும் தேசிய விஷ மையத்துக்கு அனுப்பிக் கேட்டிருப்பார்கள். நாங்கள் சட்டியை வழித்துச் சாப்பிட்டிருந்தோம்.